டிக் சத்தத்துக்குள்ள என்னதான் நடக்குது?

தம்பி ஒருத்தர் கேட்டார், "அண்ணே, நான் எப்பவும் ஜீன்ஸ் டீசர்ட்தான், கோட்டு சூட்டெல்லாம் போடுற ஆளே இல்ல, முதமுதல்ல ஒரு லக்சரி வாட்ச் வாங்க காசு சேத்து வெச்சிருக்கேன், பேட்டரி வாங்கவா, பேட்டரி இல்லாம ஸ்பிரிங்ல ஓடுற ஆட்டோமேட்டிக் வாங்கவா?"

டைம் கரெக்டா காட்டுனா போதும்னா பேட்டரி வாட்ச்தான், அதுல பேச்சுக்கே இடமில்ல. உள்ள இருக்குற குவார்ட்ஸ் துண்டு செகண்டுக்கு 32,768 தடவ அதிருது. ஆனா துல்லியத்துக்குக் கொடுக்குற சுவிஸ் க்ரோனோமீட்டர் சான்றிதழ் வாங்குற மெக்கானிக்கல் வாட்சே, அதாவது ஸ்பிரிங்ல ஓடுற வாட்சே, சராசரியா நாளுக்கு 4 செகண்ட் லேட்டாவோ 6 செகண்ட் ஃபாஸ்டாவோ ஓடலாம். இருந்தும் நான் ஆட்டோமேட்டிக்தான் சொல்வேன், காரணம் உள்ள நடக்குற ஒரு விஷயம்.

கை ஆடுனா உள்ள இருக்குற அரைவட்டத் தகடு சுத்தும், அது மெயின்ஸ்பிரிங்க முறுக்கும், நாமளே சாவி கொடுக்க வேண்டியதில்ல. இதெல்லாம் ஸ்கூல்ல படிச்ச நிலையாற்றல்தான். பிரச்சனை என்னன்னா, முறுக்குன ஸ்பிரிங்க அப்படியே விட்டா சர்ருனு மொத்தமா அவுந்துடும், அத ரெண்டு நாளைக்குக் கொஞ்சம் கொஞ்சமா எப்படி விடுறது?

இங்கதான் பேலன்ஸ் வீல் வருது. மயிரிழை மாதிரி சுருண்ட ஹேர்ஸ்பிரிங்கோட அது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஊஞ்சல் மாதிரி ஆடும். பக்கத்துல நங்கூரம் மாதிரி ஒரு குட்டி நெம்புகோல், அதோட ரெண்டு நுனியிலயும் செயற்கை மாணிக்கக்கல்லு, ராசிக்காக இல்ல, தேயக்கூடாதுன்னு வெச்சது. மெயின்ஸ்பிரிங் சுத்தப் பாக்குற பல்சக்கரத்த ஒரு கல்லு பிடிச்சு நிறுத்தி வெச்சிருக்கும். ஊஞ்சல் நடுவுக்கு வர்றப்ப நெம்புகோல லேசா தட்டும், கல்லு விலகும், சக்கரம் கொஞ்சூண்டு நகரும், நகர்ற அந்த நேரத்துல ஊஞ்சலுக்கு ஒரு சின்ன உந்தல் கொடுத்துடும், உடனே அடுத்த கல்லு வந்து பிடிச்சுக்கும். நாம கேக்குற டிக் இதுதான்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுக்கு அப்புறம் நடக்குறது. பேலன்ஸ் வீல் ஒரு ஆட்டத்துல 500 டிகிரிக்கும் மேல சுத்துது, அதுல நெம்புகோல் அதத் தொடுறது சுமார் 50 டிகிரிதான், மிச்ச நேரமெல்லாம் யாரும் தொடாம அது பாட்டுக்கு சுதந்திரமா ஆடுது. அந்த சுதந்திரம்தான் அதோட துல்லியம். 1750கள்ல தாமஸ் மட்ஜ்னு ஒரு இங்கிலாந்து வாட்ச்காரர் யோசிச்ச ஏற்பாடு இது, இன்னிக்கும் பெரும்பாலான மெக்கானிக்கல் வாட்ச்ல இதே அடிப்படைதான். செகண்டுக்கு 8 டிக்னா நாளுக்கு 6,91,200 டிக்.

வெயில்ல ஹேர்ஸ்பிரிங் தளந்தா டைம் கெட்டுடுமே? அத சரி பண்ணது சார்ல் கியோம்னு ஒரு இயற்பியலாளர். அவர் வாட்ச் பண்றவரே இல்ல, சர்வதேச எடை அளவை அலுவலகத்துல மீட்டர் அளவுகோலுக்கு மலிவான உலோகம் தேடிட்டு இருந்தவர். அப்படிக் கெடச்ச, சூட்டுல அவ்வளவா மாறாத நிக்கல் எஃகுக் கலவைகள் வாட்சுக்கும் வந்துச்சு, 1920ல நோபலும் வந்துச்சு. இதனால உடனே என்ன லாபம்னு கேட்டு அடிப்படை ஆராய்ச்சிக்குக் காசக் குறைக்கிறது பெரிய தப்புன்னு நான் நெனைக்கிறது இதனாலதான்.

சரி, வாங்குறப்ப என்ன பாக்கணும்? கேஷுவலா சுத்துற ஆளுக்கு முதல் எதிரி காந்தம். என் வாட்ச ஒரு ராத்திரி ப்ளூடூத் ஸ்பீக்கர் மேல வெச்சுட்டேன், மறுநாள் பல நிமிஷம் ஃபாஸ்ட். ஹேர்ஸ்பிரிங்கோட சுருளெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு, ஸ்பிரிங் நீளம் கொறஞ்ச மாதிரி ஆச்சு, ஆட்டம் வேகமாயிடுச்சு. ரிப்பேர்காரர் காந்தம் எடுக்குற மெஷின்ல ஒரு தடவ காட்டுனதும் சரியாயிடுச்சு, ஆனாலும் சிலிக்கான் ஹேர்ஸ்பிரிங் இருக்குற மாடல் கெடச்சா அத எடுங்க, காந்தம் அத ஒண்ணும் பண்ணாது.

கண்ணாடி சஃபயரா இருக்கணும், மணல்ல இருக்குற குவார்ட்ஸோட கடினம் 7, சஃபயர் 9, மணல் பட்டா கீறல் விழாது. தண்ணி தாங்குற அளவு 30 மீட்டர்னு போட்டிருந்தா அதக் கட்டிட்டு நீச்சலடிக்காதீங்க, 100 மீட்டர் எடுங்க. ஸ்டீல் பாடி போதும், தங்கம் சீக்கிரம் கோடு விழும்.

அப்புறம் பவர் ரிசர்வ் கேளுங்க, அதாவது முழுசா முறுக்குன வாட்ச் கழட்டி வெச்சா எத்தன மணி நேரம் ஓடும்னு. வெள்ளிக்கிழமை ராத்திரி 8 மணிக்குக் கழட்டி வெச்சா 40 மணி நேர வாட்ச் ஞாயிறு மத்தியானம் நின்னுடும், 70 மணி நேரம்னா திங்கக்கிழமை காலையில எடுக்குறப்பவும் ஓடிட்டு இருக்கும்.