மாடி லேப்டாப்பில் ஏலக்காய்க் கணக்கு ஏன் திறக்கவில்லை?

கம்பத்தில் என் மாமா வீட்டு முன்னறையில் ஒரு மேசைக் கணினி இருக்கிறது. வண்டன்மேட்டுப் பக்கம் அவருக்குள்ள ஏலத்தோட்டத்தின் கணக்கு முழுக்க அதில்தான். காய் எடுப்பு, உரம், ஜீப் வாடகை, வாரக்கூலி எல்லாம். போன மழைக்காலத்தில் மாமா மகள் மாடியில் தன் லேப்டாப்பிலிருந்தே அந்தக் கணக்கை எழுத விரும்பினாள். ஃபோல்டரை ஷேர் செய்தார்கள். லேப்டாப்பில் கீழ்க் கணினியின் பெயர் தெரிந்தது. திறந்தால் பெயரும் பாஸ்வேர்டும் கேட்டு ஒரு பெட்டி வந்தது. போட்டால் மறுபடியும் கேட்டது.

"மாப்ள, தினமும் போடுற அதே நம்பரத்தான் போடுறேன். கீழ திறக்குது, மேல திறக்கல" என்றார் மாமா, போனில்.

பழுது எங்கே என்பது அவர் சொன்ன அந்த வார்த்தையிலேயே இருந்தது. அதற்கு வருவதற்கு முன், அந்தப் பெட்டியில் நாம் பாஸ்வேர்டைத் தட்டும்போது என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

ஷேர் செய்த ஃபோல்டரைத் திறக்கும்போது இரண்டு விண்டோஸ் கணினிகள் எஸ்எம்பி என்ற நெறிமுறையில் பேசிக்கொள்கின்றன. 1980-களில் ஐபிஎம்மில் பிறந்து, பிறகு மைக்ரோசாஃப்ட் கையில் வளர்ந்த முறை இது. ஃபோல்டர் உள்ள கணினி 445 என்ற எண்ணுள்ள போர்ட்டில், அதாவது வலை வழியே வருகிறவர்களுக்கான ஒரு வாசலில், காத்திருக்கும். மாடி லேப்டாப் வந்து கேட்டதும், கீழ்க் கணினி 8 பைட் நீளமுள்ள ஒரு எண்ணைத் தற்செயலாக உருவாக்கி அனுப்புகிறது. லேப்டாப் நாம் தட்டிய பாஸ்வேர்டை ஒரு கணிதச் சூத்திரத்தில் போட்டு அரைத்து, அந்த எண்ணோடு கலந்து, வரும் விடையை மட்டும் திருப்பி அனுப்புகிறது. கீழ்க் கணினியிடம் அந்தப் பயனரின் பாஸ்வேர்டை அரைத்த வடிவம் ஏற்கெனவே இருக்கிறது. அதுவும் அதே கணக்கைப் போட்டுப் பார்க்கும். இரண்டு விடையும் ஒன்றானால் கதவு திறக்கும். இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம், பாஸ்வேர்டு ஒருமுறைகூட வைஃபையில் பயணம் செய்வதில்லை என்பதுதான்.

ஆகவே சரிபார்ப்பது முழுக்க ஃபோல்டர் இருக்கும் கணினி. தோட்டத்து வாசலில் யாரை உள்ளே விடலாம் என்ற பெயர்ப்பட்டியல் அந்தத் தோட்டத்துக் கங்காணி கையில்தான் இருக்கும். கம்பத்தில் ஜீப் ஏறும் இடத்தில் எல்லோருக்கும் உங்களைத் தெரியும் என்பது அங்கே செல்லாது. லேப்டாப்பின் பயனர் பெயரையும் பாஸ்வேர்டையும் போட்டுக்கொண்டே இருப்பவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். கேட்கப்படுவது கீழ்க் கணினியில் உள்ள பயனர் கணக்கு. பெயரை எழுதும்போது அந்தக் கணினியின் பெயர், ஒரு பின்சாய்கோடு, அப்புறம் அங்குள்ள பயனர் பெயர் என்று எழுதினால் குழப்பமே வராது.

இன்னொன்றும் சேர்ந்து நடக்கிறது. பெட்டி தோன்றுவதற்கு முன்பே, லேப்டாப் தன்னில் உள்நுழைந்திருப்பவரின் பெயரையும் பாஸ்வேர்டையும் வைத்துச் சத்தமில்லாமல் ஒருமுறை முயன்று பார்த்துவிடும். இரண்டு கணினியிலும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு இருந்தால் எதுவும் கேட்காமலே திறக்கும். "நேத்து வரைக்கும் கேக்கவே இல்ல, இன்னைக்கு கேக்குது" என்று யாராவது சொன்னால், இரண்டில் ஒன்றில் பாஸ்வேர்டை மாற்றினீர்களா என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

சரி, மாமாவின் நம்பருக்கு வருவோம். அவர் தினமும் போடுவது நான்கு இலக்கப் பின் (PIN) எண். பின் வேறு, பாஸ்வேர்டு வேறு. பின் என்பது அந்த ஒரு கணினிக்குள் பூட்டி வைத்த சாவியை எடுப்பதற்கான எண். அந்தக் கணினியை விட்டு அது வெளியே வராது. வலை வழியே வரும் கேள்விக்கு அதை வைத்து விடை கணக்கிட முடியாது. கணினியில் மைக்ரோசாஃப்ட் கணக்கு இருந்தால் பயனர் பெயர் இமெயில் முகவரி, பாஸ்வேர்டு அந்த இமெயில் கணக்குக்குரியது. பின் வந்த பிறகு அந்த பாஸ்வேர்டைப் பல வீடுகளில் மறந்தே போயிருப்பார்கள். பாஸ்வேர்டே வைக்காத கணக்கும் உதவாது. அப்படிப்பட்ட கணக்கில் கணினி முன்னால் உட்கார்ந்தவர் மட்டுமே நுழையலாம் என்பது விண்டோஸின் இயல்பான விதி.

மாமா அதற்குள் எத்தனை தடவை முயன்றிருந்தார் என்று அவருக்கே கணக்கில்லை. விண்டோஸ் 11-இன் 22எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவிய கணினிகளில், 10 நிமிடத்துக்குள் 10 தடவை தவறினால் அந்தக் கணக்கு 10 நிமிடம் பூட்டப்படும். அந்த நேரத்தில் சரியான பாஸ்வேர்டைப் போட்டாலும் மறுக்கும். அதனால் கையை எடுத்துவிட்டு ஒரு டீ குடித்து வரச் சொன்னேன்.

இதற்கு நடுவில், கணினி பழுது பார்க்கும் ஒருவர் பாஸ்வேர்டு பாதுகாப்பையே அணைத்துவிடும்படி அவருக்கு யோசனை சொல்லியிருந்தார். எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. அந்த ஃபோல்டரில் கணக்கோடு தோட்டத்துக்கு வேலைக்கு வருகிறவர்களின் ஆதார் நகலும் வங்கிப் பாஸ்புக் நகலும் இருக்கின்றன. நம்மை நம்பிக் கொடுத்த அடுத்தவர் காகிதம் அது. வீட்டு வைஃபையில் நுழைந்த எந்தப் போனுக்கும் அது திறந்து கிடக்கக் கூடாது. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற தீநிரல் உலகம் முழுக்கக் கணினிகளைப் பூட்டியது இந்த 445 வழியாகத்தான், எஸ்எம்பி-யின் பழைய முதல் பதிப்பிலிருந்த ஓட்டையைப் பிடித்துக்கொண்டு. மேலும், 24எச்2 பதிப்பு முதல் விண்டோஸ் 11 ப்ரோ கணினிகள் பாஸ்வேர்டில்லாத விருந்தாளி நுழைவை இயல்பாகவே ஏற்பதில்லை. அணைத்தாலும் பயனில்லாமல் போகலாம்.

செய்தது இதுதான். கீழ்க் கணினியில் ஷேருக்கென்றே தனியாக ஒரு உள்ளூர்க் கணக்கு, அதற்கு நீளமான ஒரு பாஸ்வேர்டு. மாமாவின் பின் அப்படியே இருக்கட்டும். மாடியில், பெயர்களையும் பாஸ்வேர்டுகளையும் விண்டோஸ் சேமித்து வைக்கும் கிரெடென்ஷியல் மேனேஜரைத் திறந்து, அங்கே சேமித்து வைத்திருந்த பழைய தவறான பதிவை நீக்கினோம். அதை நீக்காவிட்டால் லேப்டாப் பழையதையே மறுபடி மறுபடி நீட்டும். ஒரே கணினிக்கு ஒரே நேரத்தில் இரண்டு பெயரில் போகவும் விண்டோஸ் விடாது. அதனால் லேப்டாப்பை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யச் சொன்னேன்.

இப்போது பாஸ்வேர்டை ஏற்றுக்கொண்டது. ஃபோல்டரைத் திறந்ததும் "அனுமதி இல்லை" என்றது!

மாமா சோர்ந்துவிட்டார். எனக்கு அது நல்ல செய்தி. ஆள் யார் என்று கணினி ஒப்புக்கொண்டுவிட்டது, இனி உரிமை மட்டும்தான் பாக்கி. குமுளியில் தமிழ்நாட்டுச் சாவடி ஒன்று, கேரளச் சாவடி ஒன்று இருப்பதுபோல இங்கேயும் இரண்டு. ஷேரிங் பக்கத்தில் தரும் அனுமதி ஒன்று, செக்யூரிட்டி பக்கத்தில் வட்டு தரும் அனுமதி இன்னொன்று. இரண்டில் எது கறாரோ அதுதான் செல்லும். ஷேரிங்கில் முழு உரிமை கொடுத்திருந்தார்கள், செக்யூரிட்டியில் புதுக் கணக்கின் பெயரே இல்லை. சேர்த்தோம்.

பாஸ்வேர்டு பெட்டியே வராமல் "கணினி கிடைக்கவில்லை" என்று வந்தால் கதை வேறு. அப்போது தட்டுதல் வாசல்வரை போய்ச் சேரவே இல்லை. கீழ்க் கணினி தூங்கிக்கொண்டிருக்கலாம். வைஃபை பப்ளிக் என்று குறிக்கப்பட்டிருந்தால் ஃபயர்வால் வாசலை அடைத்திருக்கும். பிரைவேட் என்று மாற்ற வேண்டும். மாடிக்கென்று இரண்டாவது ரூட்டர் வைத்த வீடுகளில் ஒன்றின் ஐபி முகவரிகள் (வலையில் கணினிகளுக்குரிய எண்கள்) 192.168.0 என்றும் மற்றதன் முகவரிகள் 192.168.1 என்றும் தொடங்கி, தனித்தனி வலையாகப் பிரிந்து கிடக்கும். மழையில் கரண்ட் போய் வந்து ரூட்டர் புது ஐபி முகவரி கொடுத்திருந்தால், பழைய முகவரியில் யாரும் இருக்க மாட்டார்கள். கணினியின் பெயர் வேலை செய்யாமல் ஐபி முகவரியில் திறந்தால், பழுது பெயர் தேடுவதில் மட்டும் என்று தெரிந்துகொள்ளலாம்.

செக்யூரிட்டியில் பெயர் ஏறியதும் மாடியில் ஃபோல்டர் திறந்தது. மாமா மகள் அந்த வாரக் கூலிப் பட்டியலை எடுத்து ஒரு வரி சேர்த்துச் சேமித்தாள். கீழே மாமா அதைத் திறந்து, அந்த வரியை எனக்குப் போனில் சத்தமாகப் படித்துக் காட்டினார்.