கீறலைத் தேய்த்த இடம் வெளிறிப் போனால்

போன வாரம் ஒரு கறுப்புக் கார் வந்தது. தோட்டத்துக்குப் போகிற இட்டேரியில் வேலிக்காத்தான் முள் உரசி, இடது பக்கம் இரண்டு கதவிலும் நீளக் கோடு விழுந்திருக்கிறது. அதை ஓட்டி வந்த தம்பி கோட்டைக் காட்ட வரவில்லை, கோட்டை அவரே எடுத்துவிட்டார். ஹார்டுவேர் கடையில் 1000 நம்பர் வாட்டர் பேப்பரும் (தண்ணீரில் நனைத்துத் தேய்க்கிற உப்புத்தாள்) ஒரு டப்பா ரப்பிங் காம்பவுண்டும் (பெயிண்டைத் தேய்த்து எடுக்கிற பசை) வாங்கி, இரண்டு நாள் சாயந்தரம் போர்டிகோவில் உட்கார்ந்து கையாலேயே தேய்த்திருக்கிறார். கோடு போய்விட்டது. ஆனால் தேய்த்த இடம் மட்டும் சோப்புத் தண்ணி காய்ந்த மாதிரி வெளிறி நிற்கிறது. "ஏனுங்ணா, பெயிண்டே போயிருச்சுங்களா?" என்று கேட்டார். அப்பா வாங்கிய கார் என்பதால் வீட்டில் இன்னும் சொல்லவில்லையாம்.

பெயிண்ட் போகவில்லை. அவிநாசிப் பக்கம் பதினாறு வருடமாக டிங்கரிங், பெயிண்டிங் வேலை பார்க்கிறேன், இந்த மாதிரி வருகிற கார்களில் பெரும்பாலும் பெயிண்ட் போயிருக்காது. வேலை பாதியில் நிற்கிறது, அவ்வளவுதான். ஆனால் அதைத் தெரியாமல், பயத்தில் அதே காம்பவுண்டை வைத்து இன்னும் அழுத்தித் தேய்ப்பவர்கள்தான் நிஜமாகவே பெயிண்டைத் தொலைக்கிறார்கள். இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

இப்போது வரும் கார்களில் தகட்டுக்கு மேல் பிரைமர், அதற்கு மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத கிளியர் கோட். எல்லாம் சேர்த்தே 100 முதல் 150 மைக்ரான் வரைதான் இருக்கும், அதில் கிளியர் மட்டும் 35 முதல் 50. நம் தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பளபளப்பும் வெயிலைத் தாங்குகிற சக்தியும் அந்த மெல்லிய கிளியரில்தான் இருக்கின்றன. கீறலை எடுப்பது என்றால் கீறலை நிரப்புவது இல்லை, கீறலின் ஆழத்துக்குச் சுற்றியுள்ள கிளியரை இறக்குவது. 1000 நம்பர் பேப்பர் அந்த ஒரு கோட்டை எடுத்துவிட்டு ஆயிரக்கணக்கான பொடிக் கோடுகளை வைத்துவிட்டுப் போகும். அவற்றில் பட்ட வெளிச்சம் நேராகத் திரும்பாமல் நாலாபக்கமும் சிதறுவதால்தான் நமக்கு வெள்ளையாகத் தெரிகிறது.

அப்புறம் காம்பவுண்ட் தேய்த்தாரே, அது ஏன் எடுக்கவில்லை? பல காம்பவுண்டுகளில் இருக்கும் துகள், தேய்க்கத் தேய்க்க உடைந்து பொடியாகி, முதலில் அறுத்து, கடைசியில் மெருகேற்றுகிற மாதிரி செய்யப்பட்டது. பாலிஷ் மெஷினில் ஒரு நிமிடத்தில் ஆயிரக்கணக்கான சுற்று ஓடும்போது அது நடக்கும். கைக்கு அந்த வேகம் கிடையாது. துகள் முழுசாக உடையும் முன்பே காம்பவுண்ட் காய்ந்துவிடும், காய்ந்ததை நாம் துணியால் இன்னும் தேய்ப்போம், அதுவும் ஒரு கோடு போடும். போதாததற்கு விரல் நுனியால் அழுத்தினால் விரல் பட்ட இடம் மட்டும் ஆழமாகி, சாய்ந்த வெயிலில் பார்த்தால் பட்டை பட்டையாகத் தெரியும்.

துணியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நம் ஊரில் பனியன் வேஸ்ட் கிலோ கணக்கில் கிடைக்கிறது, நானும் ஒர்க்‌ஷாப்பில் கிரீஸ் துடைக்க அதைத்தான் வைத்திருக்கிறேன். ஆனால் அதில் ஓவர்லாக் தையல் இருக்கும், பாலியஸ்டர் நூல் இருக்கும், சில நேரம் லேபிள் கூட ஒட்டியிருக்கும். கறுப்பு, கருநீலக் கார்களில் அது போடுகிற கோட்டைக் கண்ணால் பார்க்கலாம். பாலிஷ் எடுக்க மைக்ரோஃபைபர் துணி மட்டும்தான். ஆடிக் காற்றில் பல்லடம், உடுமலைப் பக்கம் ஒரு இரவு வெளியே நின்ற கார் மேல் எவ்வளவு புழுதி படியும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். அதைக் காலையில் உலர்ந்த துணியால் துடைப்பதும் பேப்பர் போடுவதும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

சரி, வெளிறிய இடத்தை என்ன செய்வது? முதலில் அது கோடுகள்தானா என்று பார்க்க வேண்டும். நன்றாகக் கழுவி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து துடைத்தால், வெறும் காம்பவுண்ட் மிச்சமாக இருந்தால் அதோடு போய்விடும். போகவில்லையா, போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள், பொடிக் கோடுகள் சிலந்தி வலை மாதிரித் தெரியும். டியூப் லைட்டை நம்ப வேண்டாம். போர்வெல் உப்புத் தண்ணி காய்ந்த திட்டுகளையும் சிலர் இதோடு குழப்பிக்கொள்கிறார்கள், அது வட்ட வட்டமாக இருக்கும். கடைசிக் கழுவலுக்குச் சிறுவாணித் தண்ணி கிடைத்தால் அந்தத் தொல்லையே இல்லை.

காம்பவுண்டால் மட்டும் வந்த மங்கல் என்றால் கையாலேயே சரிசெய்யலாம். காம்பவுண்டை மூடி வைத்துவிட்டு, அதைவிட நைசான ஃபினிஷிங் பாலிஷை மெத்தென்ற ஃபோம் பேடில் எடுத்து, ஒரு அடிக்கு ஒரு அடி இடத்தில் மட்டும், லேசான அழுத்தத்தில் மூன்று நான்கு நிமிடம் விடாமல் தேய்க்க வேண்டும். வெயிலில் காய்ந்த தகட்டில் செய்யவே கூடாது, காலை நேரம், நிழல், தகடு கைக்குக் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். பேப்பர் போட்ட இடம் என்றால் கதை வேறு. 1500, 2000, 3000 என்று (நம்பர் ஏற ஏறப் பேப்பர் நைசாகும்) தண்ணீரோடு படிப்படியாகப் போய், அப்புறம்தான் காம்பவுண்ட், அப்புறம் பாலிஷ். 1000 நம்பர் போட்ட கோட்டைக் கையால் பாலிஷ் போட்டே எடுத்துவிடலாம் என்று நினைத்தால் தோள்தான் வலிக்கும். டூயல் ஆக்‌ஷன் மெஷின் (பேட் சுழன்றுகொண்டே ஆடுகிற பாலிஷ் மெஷின்) வாடகைக்குக் கிடைத்தால் எடுங்கள், புதிதாகச் செய்பவர் கையில் அது ஒரே அச்சில் சுற்றுகிற பஃபிங் மெஷின் அளவுக்குச் சூடேற்றாது. கதவின் ஓரம், பாடி லைன் மடிப்பு இரண்டிலும் பெயிண்ட் மெல்லிசு, அங்கே டேப் ஒட்டிவிடுங்கள்.

தேங்காய் எண்ணெயும் டேஷ்போர்டு பாலிஷும் தடவினால் மங்கல் மறையும். எண்ணெய் அந்தக் கோடுகளை நிரப்புவதால் மறைகிறது, இரண்டு முறை கழுவினால் திரும்ப வந்துவிடும். டூத்பேஸ்ட்டும் தேய்க்கிற பொருள்தான், அது கண்ணாடி மாதிரிப் பளபளப்பைக் கொடுக்கச் செய்யப்பட்டதல்ல.

இதில் எதையாவது செய்யும்போது வெள்ளைத் துணியில் காரின் நிறம் ஏறினால் உடனே நிறுத்துங்கள். கிளியர் இல்லாத பழைய ஒற்றைப் பூச்சு வண்டிகளில் அது சாதாரணம். கிளியர் போட்ட காரில் நிறம் ஏறினால் கிளியர் தீர்ந்துவிட்டது, அதற்கு எந்தப் பாலிஷும் இல்லை, அந்தப் பேனலைத் திரும்ப அடிக்க வேண்டியதுதான்.

தம்பியின் கதவில் பெயிண்டின் தடிமனை அளக்கிற மீட்டரை வைத்தேன். தேய்க்காத இடத்தில் 116 மைக்ரான், தேய்த்த இடத்தில் 101. தகட்டுக்கு மேல் இருக்கும் மொத்தத்தைத்தான் மீட்டர் காட்டும், கிளியர் எவ்வளவு மிச்சம் என்று தனியாகச் சொல்லாது. எனவே 1500-ஐத் தொடாமல் 2000-இல் ஆரம்பித்து, நிறுத்தி நிறுத்தி அளந்தேன். மூன்று மணி நேரத்தில் கறுப்பு திரும்ப வந்தது. பின் கதவில் ஒரே இடத்தில், 1000 நம்பர் போட்ட நாலு கோடு, வெயிலில் குனிந்து பார்த்தால் தெரியும். அதையும் எடுத்துவிடுங்கள் என்றார். மீட்டர் 97-க்கு வந்திருந்தது. வேண்டாம் தம்பி, இது இருக்கட்டும் என்று சொல்லி வேக்ஸ் போட்டு அனுப்பினேன்.