சானா சூட்டிலிருந்து ஐஸ் தொட்டிக்கு: நடுவில் உள்ள அந்த அரை நிமிடம்

“மே மாத மத்தியானம் மவுண்ட் ரோடு சிக்னலில் நின்றால் போதாதா, சானாவுக்கு எதற்குத் தனியாகக் காசு?” என்று நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. பதில் வியர்வையில் இருக்கிறது.

சானா என்பது உட்கார்ந்து வியர்ப்பதற்கென்றே சூடாக்கிய அறை. பின்லாந்து சானா அறையில் 80 முதல் 100 டிகிரி வரை சூடு இருக்கும். ஆனாலும் தாங்க முடிகிறது. காற்று காய்ந்து கிடப்பதால் வியர்வை சுரந்த வேகத்தில் ஆவியாகிறது. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். நம் ஊர்க் கடற்காற்றோ ஏற்கெனவே ஈரத்தைச் சுமந்து வருகிறது. 38 டிகிரியிலேயே சட்டை நனைந்து சொட்டுகிறது. சொட்டி விழும் வியர்வை உடம்பைக் குளிர்விப்பதில்லை. தண்ணீரையும் உப்பையும்தான் கொண்டுபோகிறது. புழுக்கம் என்று நாம் சொல்வது இதைத்தான். சானா கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். புழுக்கம் ராத்திரியிலும் விடாது.

அந்தக் கால் மணி நேரத்தில் தோலடி ரத்தக் குழாய்கள் விரிந்து, ரத்தம் தோலை நோக்கிப் பாய்கிறது. இதயத் துடிப்பு 100ஐத் தாண்டும், சிலருக்கு 150 வரை போகும். உட்கார்ந்த இடத்திலேயே வேகநடை போட்டதுபோல. கிழக்குப் பின்லாந்தில் 2,315 நடுவயது ஆண்களை ஏறத்தாழ 20 ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2015இல் வெளியானது. வாரம் ஒரு முறை சானா போனவர்களைவிட, 4 முதல் 7 முறை போனவர்களிடம் திடீர் இதய மரணம் 63 சதவீதம் குறைவு. சானாதான் காரணம் என்று இது நிரூபிக்கவில்லை; ஆரோக்கியமானவர்களே அடிக்கடி போயிருக்கலாம்.

சானா முடிந்ததும் ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் இறங்குவார்கள். குளிர்நீர் நேராக நரம்பைத் தொடுகிறது. நம் மொட்டைமாடி டேங்க் தண்ணீர் மார்கழியிலும் 15 டிகிரிக்கு இறங்காது. அதனால்தான் ஐஸ் கொட்டுகிறார்கள். காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தை உறிஞ்சும். இறங்கியதும் மூச்சு தானாக உள்ளே இழுக்கும், பிறகு இரைக்கும். உடம்பை உஷார்ப்படுத்தும் நார்அட்ரினலின் ஹார்மோன் பல மடங்கு ஏறுகிறது. வெளியே வந்ததும் தெரியும் அந்தப் புத்துணர்ச்சியில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் தசை வளர எடை தூக்குபவர்கள் பயிற்சி முடிந்த கையோடு ஐஸில் இறங்க வேண்டாம். தசை வளர்ச்சியை அது மட்டுப்படுத்துகிறது.

நான் கவலைப்படுவது இரண்டுக்கும் நடுவில் உள்ள அரை நிமிடத்தைப் பற்றி. விரிந்திருந்த குழாய்கள் சட்டென்று சுருங்க, தோலில் இருந்த ரத்தம் உள்ளே திரும்ப, ரத்த அழுத்தம் குப்பென்று ஏறுகிறது. நல்ல இதயம் சமாளித்துவிடும். அடைப்பு உள்ள இதயத்துக்கு அது ஆபத்து. நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று 2023இல் வெளியான ஆய்வு சொல்கிறது. நாள்பட்ட சர்க்கரையில் நரம்பு பழுதானால் சரியாக வியர்க்காது, காலில் சூடும் குளிரும் உறைக்காது. அவர்களும், பிரஷர் மாத்திரை போடுபவர்களும், கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் இறங்கவே கூடாது.

மற்றவர்கள் சானாவிலிருந்து வந்து இரண்டு நிமிடம் நின்று, சாதாரணத் தண்ணீரை மேலுக்கு ஊற்றிக்கொண்டு, காலில் தொடங்கி மெல்ல இறங்குங்கள். தலையை முக்க வேண்டாம். பக்கத்தில் ஒரு ஆள் இருக்கட்டும். தொட்டியிலிருந்து ஏறிய பிறகும் உள்சூடு கொஞ்ச நேரம் இறங்கிக்கொண்டே இருக்கும். நடுக்கம் நிற்கும்வரை துண்டைப் போர்த்தி உட்காருங்கள். சென்னைக் காற்றே சூடேற்றிவிடும்.