‘டிட்’ எங்கிருந்து முளைத்தது?

ஒரு வாசகர் கேட்கிறார்: “‘யூ வென்ட்’ என்றால் ‘நீ போனாய்’. அதையே கேள்வியாக்கினால் ‘டிட் யூ கோ?’ என்கிறார்கள். ‘வென்ட்’ எங்கே போனது? இல்லாத ‘டிட்’ எங்கிருந்து முளைத்தது? பள்ளியில் ‘டிட் யூ வென்ட்?’ என்று எழுதினேன். சிவப்பு மையால் அடித்தார்களே தவிர, ஏன் தவறு என்று யாரும் சொல்லவில்லை.”

நியாயமான ஆதங்கம். ஆங்கில வாக்கிய வகைகளை இலக்கணப் புத்தகங்கள் இரண்டு அட்டவணைகளில் முடித்துவிடும். நோக்கத்தை வைத்துச் செய்தி, வினா, கட்டளை, உணர்ச்சி என்று நான்கு. அமைப்பை வைத்துத் தனி வாக்கியம், கூட்டு வாக்கியம், கலவை வாக்கியம் என்று மூன்று. ‘அண்ட்’, ‘பட்’ போட்டு ஒட்டினால் கூட்டு. ‘ஹூ’, ‘வென்’, ‘பிகாஸ்’ போட்டு ஒன்றை இன்னொன்றுக்குள் செருகினால் கலவை. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் முதல் அட்டவணையை மனப்பாடம் செய்தவர்கள்கூடக் கவனிக்காத ஒன்று உண்டு. செய்தியையும் வினாவையும் வியப்பையும் ஆங்கிலம் பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் ஒரே ஒரு பொருளின் இருப்பிடத்தை வைத்துத்தான். இறந்தகாலமா நிகழ்காலமா என்று சொல்லும் காலக்குறிதான் அது.

‘ஹவ் டால் ஷி இஸ்’ என்று ஒரு வாக்கியம். ‘ஹவ் டால் இஸ் ஷி’ என்று இன்னொன்று. இரண்டிலும் அதே நான்கு சொற்கள். முதலாவது ‘எவ்வளவு உயரம் இவள்!’ என்று வாய் பிளப்பது. இரண்டாவது அளவுநாடாவைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பது. குறிகளை அழித்துவிட்டாலும் குழப்பம் வராது. காலத்தைச் சுமக்கும் ‘இஸ்’ எழுவாய்க்குப் பின்னால் நின்றால் வியப்பு, முன்னால் தாவினால் வினா. ஒரு சொல் ஒரு படி நகர்ந்ததில் வாக்கியத்தின் இனமே மாறிவிட்டது.

‘இஸ்’, ‘கேன்’, ‘வில்’, ‘ஹேவ்’ போன்ற துணைவினைகளுக்கு இப்படித் தாவும் உரிமை உண்டு. ‘ஹி கேன் ஸ்விம்’ என்பது ‘கேன் ஹி ஸ்விம்?’ ஆகிறது, சிக்கல் இல்லை. ‘ஹி கேம்’ என்ற வாக்கியத்தில்தான் சிக்கல். இதில் துணைவினை கிடையாது. காலக்குறி வினைக்குள்ளேயே கரைந்து, ‘கம்’ என்பதை ‘கேம்’ ஆக்கிவிட்டிருக்கிறது. வினாவாக வேண்டுமானால் காலக்குறி முன்னால் வந்தாக வேண்டும். ‘கம்’ போன்ற சாதாரண வினைக்கோ இடத்தை விட்டு அசைய அனுமதி இல்லை. ஆகவே காலக்குறி மட்டும் கழன்றுகொண்டு முன்னால் போகிறது. போன இடத்தில் அதனால் தனியாக நிற்க முடியாது. உடம்பில்லாத ஒட்டு அது. யாராவது முதுகு கொடுக்க வேண்டும். அப்போது வந்து குனிந்து நிற்கும் சொல்தான் ‘டூ’. அதன்மேல் இறந்தகாலம் ஏறி உட்கார்ந்ததும் ‘டிட்’ ஆகிறது. காலத்தை இழந்த ‘கேம்’ மறுபடியும் வெறும் ‘கம்’ ஆகிறது. ‘டிட் ஹி கம்?’

வாசகர் எழுதிய ‘டிட் யூ வென்ட்?’ இடறுவது இங்கேதான். வாக்கியத்தில் இருப்பது ஒரே ஒரு காலக்குறி; அதை அவர் இரண்டு இடத்தில் ஏற்றிவிட்டார். வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கற்கும் குழந்தைகளும் இதே பிழையைச் செய்கிறார்கள். காலக்குறியையும் வினையையும் இப்படித் தனித்தனி உருப்படிகளாகக் கழற்றி, ‘டூ’ எப்போது வரும் என்பதை விதியாக எழுதிக் காட்டியவர் அமெரிக்க மொழியியலாளர் நோம் சாம்ஸ்கி. ஆண்டு 1957.

அந்த விதியைச் சோதித்துப் பார்ப்பதும் எளிது. காலத்துக்கும் வினைக்கும் நடுவே எது வந்து நின்றாலும் ‘டூ’ தேவைப்பட வேண்டும். ‘நாட்’ நுழைகிறது: ‘ஹி டிட் நாட் கம்’. ‘வந்தான் அல்லவா?’ என்று வாலை ஒட்டுகிறோம்: ‘ஹி கேம், டிடின்ட் ஹி?’ நடுவே எதுவும் வராவிட்டால் ‘டூ’வும் வரக் கூடாது. ‘யார் வந்தார்?’ என்று கேட்டுப் பாருங்கள்: ‘ஹூ கேம்?’ வினாவாக இருந்தும் ‘டிட்’ இல்லை. கேள்விச்சொல்லே எழுவாயாக இருப்பதால் எதையும் தாண்டிக் குதிக்க வேண்டியதில்லை. ‘யாரைப் பார்த்தாய்?’ என்றால் ‘ஹூ டிட் யூ ஸீ?’, நடுவில் ‘யூ’ நிற்கிறது, ‘டிட்’ வந்துவிட்டது. இதை முதன்முதலில் புரிந்துகொண்ட நாளில், கடிகாரத்தின் பின்மூடியைத் திறந்து பார்த்ததைப் போல எனக்கு ஒரு சந்தோஷம். கட்டளை வாக்கியம் மட்டும் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். மற்ற இடங்களில் ‘டூ’வை அண்டவிடாத ‘பி’ (‘இஸ்’ஸின் மூல வடிவம்), ‘டோன்ட் பி லேட்’ என்னும்போது அதனோடு சேர்ந்துகொள்கிறது.

இந்த ஏற்பாடு ஆங்கிலத்தில் ஆதியிலிருந்தே இருந்ததல்ல. 1611இல் வெளியான ஜேம்ஸ் மன்னர் காலத்து ஆங்கில பைபிளில், யோவான் 21ஆம் அதிகாரத்தில் இயேசு பேதுருவிடம் ‘லவெஸ்ட் தௌ மீ?’ என்று கேட்கிறார். ‘என்னை நேசிக்கிறாயா?’ இன்று ‘டூ யூ லவ் மீ?’ என்றுதான் கேட்க முடியும். அங்கே ‘டூ’ இல்லை. ‘லவ்’ தானே காலத்தைத் தூக்கிக்கொண்டு முன்னால் தாவுகிறது. அதே நூலின் ஆதியாகமம் 3ஆம் அதிகாரத்தில், கனியைத் தின்ற ஆதாம் ‘ஐ டிட் ஈட்’ என்கிறான். ‘தின்றேன்’ என்று சாதாரணமாகச் சொல்ல ‘ஐ ஏட்’ போதும். இன்று நாம் எதிர்பார்க்கும் இடத்தில் ‘டூ’ இல்லை, எதிர்பாராத இடத்தில் இருக்கிறது! மொழி உடை மாற்றிக்கொண்டிருக்கும்போது யாரோ கதவைத் திறந்துவிட்டதைப் போன்ற காட்சி. (வாக்கியத்தை ‘அண்ட்’ என்று தொடங்கினால் பாவம் என்று நம்புகிறவர்கள் இதே ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தைப் படித்துப் பார்க்கலாம், வரிக்கு வரி ‘அண்ட்’தான். இலக்கணத்திலும் மூடநம்பிக்கைகள் உண்டு, அவற்றுக்கும் பூசாரிகள் உண்டு.)

இந்த மாற்றத்தை எண்ணிக்கையாகப் பதிவு செய்தவர் ஸ்வீடன் நாட்டு மொழியியலாளர் ஆல்வார் எலெகோர்ட். 14ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 18ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை எழுதப்பட்ட ஆங்கில நூல்களில், வினாவில் எத்தனை ‘டூ’, எதிர்மறையில் எத்தனை, செய்தி வாக்கியத்தில் எத்தனை என்று எண்ணி 1953இல் வெளியிட்டார். மொழி ஆய்வுக்குக் கணினி வராத காலம். 1989இல் ஆன்டனி க்ரோக் என்ற மொழியியலாளர் அதே எண்களை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தார். ‘டூ’ வினாக்களில் அதிகமாகவும் எதிர்மறைகளில் குறைவாகவும் இருந்தது. ஆனால் அது பெருகிய வேகம் இரண்டிலும் ஒன்றுதான். அதாவது, மேலே பார்க்கத் தனித்தனி மாற்றங்களாகத் தெரிந்தவற்றுக்குக் கீழே ஓடியது ஒரே மாற்றம்: சாதாரண வினைகள் தாவும் உரிமையை இழந்துகொண்டிருந்தன. எண்ணியதற்கும் அதன் பொருள் விளங்கியதற்கும் இடையே 36 ஆண்டுகள். ‘இந்த ஆய்வால் சமூகத்துக்கு உடனடிப் பயன் என்ன?’ என்று கேட்கும் நிதி விண்ணப்பப் படிவத்தில் எலெகோர்ட் என்ன எழுதியிருப்பார் என்று யோசித்துப் பார்க்கிறேன். பழைய புத்தகங்களில் ஒரு குட்டிச் சொல்லை எண்ணப் போகிறேன் என்றா? பொறுமையாக எண்ணுகிறவர்களுக்குச் சம்பளம் கொடுக்காத துறையில் பெரிய கண்டுபிடிப்புகளை எதிர்பார்ப்பது பேராசை.

தாவல் விதியில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. அதற்கு அந்த இரண்டாவது அட்டவணையின் கலவை வாக்கியம் வேண்டும். ‘தி பாய் ஹூ இஸ் வாட்சிங் மிக்கி மவுஸ் இஸ் ஹேப்பி’. மிக்கி மவுஸைப் பார்த்துக்கொண்டிருக்கும் பையன் சந்தோஷமாக இருக்கிறான். இதில் இரண்டு ‘இஸ்’. வினாவாக்க எதை முன்னால் இழுப்பது? ‘முதலில் வருவதை’ என்று நினைத்தால் வாக்கியம் உடைந்துவிடும். இழுக்க வேண்டியது இரண்டாவதை, ஏனென்றால் முதலாவது உள்வாக்கியத்தின் சொத்து. 1987இல் ஸ்டீபன் கிரெய்ன், மினெஹாரு நாகயாமா என்ற இரு மொழியியலாளர்கள் மூன்று முதல் ஐந்து வயதுவரையுள்ள 30 குழந்தைகளிடம் இதைச் சோதித்தார்கள். சில குழந்தைகள் முன்னால் ஒரு ‘இஸ்’ஸைப் போட்டுவிட்டுப் பழைய இடத்திலும் இன்னொன்றை விட்டுவைத்தார்கள். ஆனால் உள்வாக்கியத்தின் ‘இஸ்’ஸைப் பிடுங்கி முன்னால் வைத்த குழந்தை ஒன்றுகூட இல்லை. இந்த ஞானம் பிறவியிலேயே வருகிறதா, கேட்டுக் கேட்டுப் படிகிறதா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. எப்படியானாலும், ஐந்து வயதுக்குள் ஒரு குழந்தை வாக்கியத்தைச் சொல் வரிசையாகப் பார்ப்பதை விட்டு, பெட்டிக்குள் பெட்டியாகப் பார்க்கிறது.

ஆம், இல்லை என்று பதில் சொல்லும் கேள்விக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம் தேவையா? பெரும்பாலான மொழிகளுக்குத் தேவையில்லை. மொழியியலாளர் மேத்யூ டிரையர் 955 மொழிகளை ஒப்பிட்டுப் பார்த்ததில், இதற்காகச் சொல் வரிசையை மாற்றுபவை வெறும் 13. பாதிக்கும் மேற்பட்டவை ஒரு வினா இடைச்சொல்லைச் சேர்த்து வேலையை முடித்துக்கொள்கின்றன. நாமும் ‘வந்தான்’ என்பதோடு ஓர் ‘ஆ’ சேர்த்து ‘வந்தானா?’ என்கிறோம். ‘அவனா வந்தான்?’, ‘நேற்றா வந்தான்?’ என்று எதில் ஐயமோ அதன் வாலிலேயே அதை ஒட்டலாம். ஆங்கிலேயர் குரலை அழுத்தியோ வாக்கியத்தைச் சுற்றி வளைத்தோ சொல்ல வேண்டியதை நாம் ஒரே உயிரெழுத்தில் முடிக்கிறோம்.

அதனால் ‘டூ’ போன்ற முட்டுக்கொடுக்கும் சொல் தமிழுக்கு அந்நியம் என்று நினைத்துவிடக் கூடாது. ‘வந்தான்’ என்பதை எதிர்மறையாக்கினால் ‘வரவில்லை’. வினை ‘வர’ என்று வெறுமையாகிவிட்டது, ‘டிட் நாட் கம்’மில் ‘கம்’ வெறுமையானதைப் போலவே. காலத்தைத் தூக்கி வைக்க ஆங்கிலத்துக்கு ‘டிட்’ கிடைத்தது. நாம் அதைத் தூக்கி எறிந்துவிட்டோம். நேற்று வரவில்லை, இப்போதெல்லாம் வரவில்லை, இரண்டுக்கும் ஒரே ‘வரவில்லை’தான்.

ஆனால் வினைக்கும் காலத்துக்கும் நடுவே ‘தான்’ வந்து நுழையட்டும். வராமல் இருந்துவிடுவான் என்று நினைத்தவன் வந்தேவிட்டதைச் சொல்ல வேண்டும். ‘வரத்தான் செய்தான்.’ ‘உம்’ நுழைந்தாலும் அப்படியே: ‘பாடவும் செய்தாள்.’ அங்கே ‘செய்’ எந்தச் செயலையும் செய்யவில்லை. நடுவில் ஒன்று புகுந்ததால் வினையிலிருந்து கழன்ற காலக்குறிக்கு முதுகு கொடுத்துக்கொண்டு நிற்கிறது. வந்தேவிட்டதை அழுத்திச் சொல்லும் ‘ஹி டிட் கம்’மில் ‘டிட்’ பார்ப்பதும் அதே வேலை, சொல்லின் பொருளும் அதே ‘செய்’. ‘வரத்தான் செய்தான்’ என்பதை ஒருவர் ‘வந்தான்தான் செய்தான்’ என்று எழுதினால் உங்கள் காதில் எப்படி விழும்? ‘டிட் யூ வென்ட்?’ ஆங்கிலக் காதில் விழுவதும் அப்படித்தான்.