பேர் எடுத்தாயிற்று, அந்தப் பேர் உங்களுடையதுதானா? சிறுதொழில் செய்பவர்களுக்கு டிரேட்மார்க் விதிகள்

நாலு பேர் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்கும் அளவுக்கு ஒரு தொழில் வளர வருஷக்கணக்கில் ஆகும். அதே பெயரை இன்னொருவர் தன் சரக்கில் ஒட்டிக்கொள்ள ஒரு ராத்திரி போதும். "கம்பெனி பதிவு பண்ணியாச்சு, டொமைனும் வாங்கியாச்சு, அப்புறம் என்ன?" என்பார்கள். கம்பெனிப் பதிவு, அப்படியொரு நிறுவனம் இருக்கிறது என்பதற்கு மட்டுமே சான்று. டொமைன், கட்டணம் கட்டும்வரை கையில் இருக்கும் இணைய முகவரி. இந்தப் பெயரில் இந்தச் சரக்கை நான் மட்டுமே விற்கலாம் என்ற உரிமையைத் தருவது டிரேட்மார்க், அதாவது வணிகக்குறிப் பதிவு.

இதற்கு ஒவ்வொரு நாட்டிலும் தனிச் சட்டம் உண்டு. ஆனாலும் அடிப்படை ஒன்றுதான். 1883-ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கையும், 1995 முதல் அமலில் உள்ள உலக வர்த்தக அமைப்பின் அறிவுசார் சொத்து ஒப்பந்தமான டிரிப்ஸும் பெரும்பாலான நாடுகளைக் கட்டுப்படுத்துகின்றன. பெயர், எழுத்து, எண், படம், நிறச்சேர்க்கை எதுவானாலும் பதியலாம். ஒருவர் சரக்கை மற்றவர் சரக்கிலிருந்து பிரித்துக் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

சிறுதொழில்காரர்கள் பலர் சறுக்குவது இங்கேதான். வாங்குபவருக்குச் சட்டென்று புரியட்டும் என்று சரக்கின் தன்மையையே பெயராக வைத்துவிடுவார்கள். குடை விற்பவர் 'நனையாத குடை' என்று விண்ணப்பித்தால் பரிசீலிக்கும் அதிகாரி என்ன நினைப்பார்? நனையாமல் காப்பது குடையின் வேலை, எல்லாக் குடைக்காரர்களும் சொல்ல வேண்டிய வார்த்தையை ஒருவருக்கு மட்டும் எப்படி எழுதிக் கொடுப்பது என்று ஆட்சேபணை எழுப்புவார். சரக்கின் வகை, தரம், அளவு, உபயோகம், விலைமதிப்பு, ஊர் இவற்றை மட்டுமே சொல்லும் பெயர்களுக்கெல்லாம் இதே கதிதான். பல வருடம் புழங்கி, கேட்டதுமே உங்கள் நினைவுதான் வரும் என்று ஆதாரத்தோடு காட்டினால் பல நாடுகளில் விதிவிலக்கு கிடைக்கும். புதிதாகத் தொடங்குபவரிடம் அந்த ஆதாரம் ஏது?

சரக்கோடு சம்பந்தமே இல்லாத சொல்லும், புதிதாக உண்டாக்கிய சொல்லும்தான் சட்டத்தின் கண்ணில் பலமானவை. கேமரா, ஃபிலிம் விற்ற கோடாக் அப்படிப் பிறந்த பெயர்தான். எந்த மொழியிலும் அதற்கு அர்த்தம் கிடையாது. விளம்பரத்துக்கு எளிதான பெயர் பதிவுக்குக் கஷ்டம், பதிவுக்கு எளிதான பெயரை ஜனங்கள் மனதில் பதியவைக்கக் கொஞ்சம் உழைக்க வேண்டும். என்னைக் கேட்டால் இரண்டாவது கஷ்டத்தையே தேர்ந்தெடுங்கள்.

பதிவு எல்லாச் சரக்குக்கும் சேர்த்துக் கிடைக்காது. நைஸ் வகைப்பாடு என்ற பட்டியலில் மொத்தம் 45 வகுப்புகள். 1 முதல் 34 வரை பொருட்கள், 35 முதல் 45 வரை சேவைகள். சோப்பு 3-ஆம் வகுப்பு, துணிமணி 25. எதை விற்கிறீர்களோ அதற்குரிய வகுப்பில் கேட்க வேண்டும். அதற்கு முன், ஏற்கெனவே யாராவது அதே மாதிரி பெயரைப் பதிந்திருக்கிறார்களா என்று உங்கள் நாட்டுப் பதிவேட்டிலும், உலக அறிவுசார் சொத்து அமைப்பின் இலவசத் தரவுத்தளத்திலும் தேடிப் பாருங்கள். எழுத்து வேறாக இருந்து, உச்சரிப்பு ஒன்றாக இருந்தாலும் சிக்கல்தான்.

விண்ணப்பம் பரிசீலனை தாண்டினால் பொதுப் பார்வைக்கு வெளியிடுவார்கள். மற்றவர்கள் எதிர்ப்புத் தெரிவிக்க அவகாசம் உண்டு. சில நாடுகளில் எதிர்ப்புக்கான அவகாசம் பதிவுக்குப் பிறகுதான் வரும். பெயருக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் 'ஆர்' (®), அதாவது பதிவான குறி என்ற அடையாளம், போடுவது பதிவு முடிந்த பிறகுதான். பதியாமலே போட்டால் பல நாடுகளில் குற்றம். அதுவரை டிரேட்மார்க் என்பதன் சுருக்கமான 'டிஎம்' (™) போட்டுக்கொள்ளலாம்.

பதிவு ஒவ்வொரு முறையும் குறைந்தது 7 வருடம் செல்லுபடியாக வேண்டும் என்பது டிரிப்ஸ் விதி; பெரும்பாலான நாடுகள் 10 வருடம் தருகின்றன. புதுப்பித்துக்கொண்டே போனால் காலவரம்பு இல்லை. ஆனால் பதிந்துவிட்டுப் பயன்படுத்தாமல் போட்டுவைத்தால், நாட்டைப் பொறுத்து 3 அல்லது 5 வருடத்துக்குப் பிறகு வேறொருவர் அதை ரத்து செய்யக் கோரலாம். பெயர் பொதுச்சொல்லாகிப் போனாலும் உரிமை போய்விடும். 'எஸ்கலேட்டர்' ஒரு காலத்தில் ஓட்டிஸ் நிறுவனத்தின் டிரேட்மார்க். அமெரிக்காவில் 1950-ல் அதை இழந்தார்கள்.

வெளிநாட்டிலும் விற்கும் எண்ணம் இருந்தால், முதல் விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து 6 மாதத்துக்குள் மற்ற நாடுகளில் போடுங்கள். முதல் விண்ணப்பத் தேதியே அங்கும் முன்னுரிமைத் தேதியாகும். மாட்ரிட் முறை என்ற சர்வதேசப் பதிவு ஏற்பாட்டில் ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளைக் கேட்கலாம். ஆனால் முதல் 5 வருடத்துக்குள் சொந்த நாட்டுப் பதிவு விழுந்தால் வெளிநாட்டுப் பாதுகாப்பும் அந்த அளவுக்கு விழும்.

லோகோவை வெளியாள் வரைந்து கொடுத்திருந்தால் பதிப்புரிமையை உங்கள் பெயருக்கு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். காசு கொடுத்ததால் மட்டும் அது பல நாடுகளில் உங்களுக்கு வந்துவிடாது. இன்னொன்று: விண்ணப்ப விவரம் பொதுவில் வந்ததும் அரசு அலுவலகம் போலவே தலைப்பிட்டு 'கட்டணம் பாக்கி' என்று கடிதங்கள் வர ஆரம்பிக்கும். பணம் கட்டும் முன் விண்ணப்ப எண்ணை வைத்துப் பதிவு அலுவலகத்திலேயே விசாரித்துவிடுங்கள்.