சுவரைக் காலியாக விட்டுக் குடிபோங்கள்

கிருஷ்ணகிரி, தருமபுரி, ஓசூர் வட்டாரத்தில் வீடுகளுக்கு உள் அலங்கார வேலை செய்கிறவன் நான். பத்திரிகை அடித்தாயிற்று, கிரகப்பிரவேசத்துக்குள் எல்லாம் முடிய வேண்டும் என்றுதான் பெரும்பாலானவர்கள் வருகிறார்கள். அந்த அவசரத்தில் எல்லாருக்கும் ஒரே ஹால்தான் கிடைக்கிறது: டிவி யூனிட், அதற்குப் பின்னால் அருவி கொட்டும் வால்பேப்பர், மேலே நீல வெளிச்சம் ஓடும் ஃபால்ஸ் சீலிங், மூலையில் ரெசின் புத்தர். பர்கூரில் பார்த்ததையே பாலக்கோட்டிலும் பார்க்கலாம். அந்த வீட்டில் இருப்பவர் யார், என்ன தொழில், எந்த மண்ணிலிருந்து வந்தவர் என்று சுவரைப் பார்த்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது.

இதில் யாரையும் குறை சொல்லவில்லை. வீடு கட்டுகிற காலத்தில் மனிதனுக்கு யோசிக்க நேரமே இருக்காது. அதனால்தான் சொல்கிறேன், பால் காய்ச்சுகிற அன்று சுவர் காலியாக இருந்தால் ஒரு குறையும் இல்லை. வெள்ளையடித்த சுவரோடு குடிபோங்கள். எந்தச் சுவரில் சாயங்கால வெயில் விழுகிறது, அப்பா எந்த மூலையில் நாற்காலி போடுகிறார், விருந்தாளி கண் முதலில் எங்கே போகிறது என்பதெல்லாம் சில மாதம் இருந்து பார்த்தால்தான் தெரியும். சுவருக்கென்று ஒதுக்கிய பணத்தை அதுவரை தொடாமல் வைத்திருங்கள்.

அப்புறம், கடைக்குப் போவதற்கு முன் பரணில் ஏறிப் பாருங்கள். நம் பக்கத்துக் குடும்பங்களில் அநேகமாக ஒகேனக்கல் பரிசலில் உட்கார்ந்து எடுத்த படம் ஒன்று இருக்கும், கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணைப் பூங்காவில் நின்று எடுத்தது இன்னொன்று இருக்கும். வாங்கி ஒட்டுகிற அருவியை விட, அத்தை பயந்துபோய் பரிசல் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருக்கும் அந்தப் படம் ஹாலுக்கு எவ்வளவோ அழகு. ஆனால் ஒரிஜினலை மாட்டாதீர்கள். 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்து பெரிதாகப் பிரின்ட் போட்டு அதை மாட்டுங்கள், ஒரிஜினலை உறையில் போட்டு பீரோவில் வையுங்கள். பழைய கலர் படங்கள் கறுப்பு வெள்ளையை விட வேகமாக வெளுக்கும், வெயில் படும் சுவரில் கேட்கவே வேண்டாம். ஃப்ரேம் கடைக்காரரிடம் மவுண்ட் போர்டு (கண்ணாடி படத்தில் படாமல் இடைவெளி விடும் அட்டை) வைக்கச் சொல்லுங்கள். கண்ணாடியும் படமும் நேராக ஒட்டியிருந்தால் மழைக்கால ஈரத்தில் இரண்டும் பிடித்துக்கொள்ளும், பிறகு படத்தைக் கிழிக்காமல் எடுக்க முடியாது.

இந்த வேலையில் என் மனசுக்கு மிகவும் நெருக்கமான ஒன்றைச் சொல்ல வேண்டும். தருமபுரிப் பக்கம் ஒரு வீட்டில் ஹாலுக்குப் பெரிய தங்க நிறக் கடிகாரம் வேண்டுமென்று கேட்டார்கள். பேசிக்கொண்டிருக்கும்போது, வீட்டுப் பெரியவர் ஒரு காலத்தில் கூத்தில் துரியோதனன் வேஷம் கட்டியவர் என்று தெரிந்தது. பழைய வேட்டியில் சுற்றி, பரணில் அவருடைய புஜக்கட்டையும் மார்ப்பதக்கமும் கிடந்தன. வேஷத்துக்கு அணியும் இந்த மர நகைகளை, கூத்துக்கட்டைகளை, கல்யாண முருங்கை மரத்தில் செய்வார்கள், எடை குறைவு என்பதால் ராத்திரி முழுக்கக் கட்டிக்கொண்டு ஆடலாம். மேலே கண்ணாடிச் சில்லும் ஜிகினாவும் பாதி உதிர்ந்திருந்தன. "இதப் போயி ஹால்ல மாட்டுவாங்களா தம்பி?" என்று அந்த வீட்டம்மா தயங்கினார். மாட்டினோம். பளபளப்பாக்கவில்லை, உதிர்ந்த சில்லுகளுக்குப் புதிது ஒட்டவில்லை, வார்னிஷ் அடிக்கவில்லை. பின்பக்கம் மட்டும் பூச்சி மருந்து தடவி, ஆழமான பெட்டி ஃப்ரேமில் அடர்சிவப்புத் துணி மேல் வைத்தோம். கல்யாண முருங்கை சீக்கிரம் உளுத்துப்போகும் மரம், அடியில் மாவு போலத் தூள் கொட்டினால் உடனே கவனிக்க வேண்டும். இப்போது அந்த வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது அதைப் பற்றித்தான், பெரியவரும் பதினெட்டாம் போரைச் சொல்ல ஆரம்பித்துவிடுகிறார்.

உங்கள் வீட்டில் கூத்துக்கட்டை இல்லாமல் இருக்கலாம். ராகி அரைத்த திருகை இருக்கும், மரக்கால் படி இருக்கும், தாத்தா கடையில் தொங்கிய தராசு இருக்கும், பாட்டி தைத்த தையல் மிஷின் இருக்கும். ஒன்றை எடுத்து அதற்கு ஒரு சுவரையே கொடுங்கள். பத்துப் பழைய பொருளை ஒரே ஷோகேஸில் அடைத்தால் எதுவும் கண்ணில் நிற்காது.

படம் வரைய வேண்டுமென்றால் சுவரிலேயே வரையலாம். மாமியார் வாசலில் போடும் புள்ளிக் கோலத்தை, காவி நிறம் அடித்த ஒரு சுவரில் வெள்ளை எமல்ஷனில் அவர் கையாலேயே போடச் சொன்ன வீடுகள் உண்டு; செலவு ஒரு சின்ன டப்பா பெயின்டும் ஒரு மெல்லிய தூரிகையும்தான். பர்கூர் பக்கம் மல்லப்பாடியில் வெள்ளை நிறத்தில் வரைந்த பழைய பாறை ஓவியங்கள் இருக்கின்றன, குதிரை மேல் வீரர்கள் சண்டையிடுகிற காட்சி. அதைப் போய்ப் பார்த்துவிட்டு (பாறையைத் தொடாமல், தண்ணீர் தெளித்துப் படம் எடுக்காமல்) அந்தக் கோட்டு அழகை மனதில் வைத்து உங்கள் படிக்கட்டுச் சுவரில் வரையச் சொல்லலாம். வரைவதற்கு யார் என்று கேட்பார்கள். ஃப்ளெக்ஸ் வந்த பிறகு வேலை குறைந்துபோன போர்டு எழுதும் ஓவியர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். கோடு தப்பாத கை அது. கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.

துணி வேலைப்பாடு பிடிக்குமா? அரூர் தாண்டி சிட்லிங் பக்கம் லம்பாடிப் பெண்கள் தங்கள் பழைய எம்பிராய்டரியை மீட்டெடுத்து, போர்கை என்ற பெயரில் விற்கிறார்கள். ஒரு குஷன் உறை, ஒரு சுவர்த் துணி வாங்கினாலும் ஹாலுக்கு உயிர் வந்துவிடும். ஃப்ரேம் போடும்போது பசை போட்டு ஒட்ட விடாதீர்கள், நாளாவட்டத்தில் மஞ்சள் கறை தெரியும். துணி சுற்றிய அட்டையில் நூலால் தைத்துப் பிடிக்கச் சொல்லுங்கள்.

கிரானைட் ஊரில் இருந்துகொண்டு கல்லைப் பேசாமல் இருக்க முடியாது. பாலிஷ் பட்டறைகளில் வெட்டிப்போட்ட துண்டுகள் கிடக்கும். அலை அலையாக நிறம் ஓடும் பாரடைசோ என்ற கிரானைட் வகைத் துண்டு ஒன்றே பெயர்ப்பலகைக்கோ பூஜை ரூம் பின்சுவருக்கோ போதும். ஆனால் 20 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு சதுர அடி கிட்டத்தட்ட 5 கிலோ வரும். ஜிப்சம் போர்டில் பசையை நம்பி ஒட்டாதீர்கள், செங்கல் சுவரில் கிளாம்ப் போட்டுத்தான் நிறுத்த வேண்டும்.

இங்கே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். வயலோரத்தில் சாய்ந்து கிடக்கும் நடுகல்லைக் கொண்டுவந்து தோட்டத்தில் நிறுத்தித் தரச் சொல்லி என்னிடம் கேட்டவர்கள் இருக்கிறார்கள். செய்ய மாட்டேன். ஊருக்காகவும் மாட்டுக்காகவும் செத்தவனுக்கு நட்ட கல் அது, சிலவற்றில் வட்டெழுத்துக் கல்வெட்டு இருக்கும். நூறு வருடத்துக்கு மேற்பட்ட சிற்பமும் கல்வெட்டும் 1972-ம் ஆண்டு தொல்பொருள் சட்டத்துக்குள் வருபவை. நிற்கிற இடம்தான் அந்தக் கல்லின் பாதி வரலாறு, இடம் மாறினால் அது போய்விடும். கண்ணில் பட்டால் வி.ஏ.ஓ.விடம் சொல்லுங்கள். நடுகல் பார்க்க ஆசை என்றால் தருமபுரி அகழ்வைப்பகத்துக்கு (தொல்பொருள் அருங்காட்சியகம்) பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள். மான் கொம்பும் அப்படித்தான்: வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, யார் பரிசாகக் கொடுத்தாலும் வாங்கி மாட்டாதீர்கள்.

சரி, மாட்டுகிற வேலை. நம் வீடுகளில் காலமானவர்களின் படம் நிலைக்கு மேலே உயரத்தில் இருக்கும், அது மரியாதை, அப்படியே இருக்கட்டும். ஆனால் மற்ற படங்களையும் அதே உயரத்தில் மாட்டிவிடுகிறோம், அண்ணாந்து பார்த்தால்தான் தெரிகிறது. தரையிலிருந்து படத்தின் நடுப்பகுதி வரை 57 முதல் 60 அங்குலம் இருந்தால் நின்றபடி பார்க்கச் சரியாக இருக்கும். சோபாவுக்கு மேலே என்றால் முதுகுப்பகுதியிலிருந்து 6 முதல் 8 அங்குலம் விடுங்கள், அகலம் சோபாவில் மூன்றில் இரண்டு பங்கு.

துளை போடுவதற்கு முன் சுவிட்ச் போர்டு எங்கே என்று பாருங்கள்; அதற்கு நேர் மேலே ஒயர் பைப் போகும், அங்கே டிரில் வைக்கக் கூடாது. பாத்ரூமை ஒட்டிய சுவரில் ஓதம் இருக்கிறதா என்று தெரிய, ஓரடிச் சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு இரண்டு நாள் ஒட்டி வையுங்கள். உள்ளே ஈரம் பூத்திருந்தால் அங்கே எந்தப் படமும் வேண்டாம், முதலில் கசிவைச் சரிபாருங்கள்.

வெளிச்சம் இல்லாவிட்டால் நல்ல படமும் செத்துக் கிடக்கும். நீல வெள்ளை டியூப் வெளிச்சத்தில் காவியும் மரநிறமும் சாம்பலாகத் தெரியும், 2700 முதல் 3000 கெல்வின் வார்ம் வொயிட் வாங்குங்கள். சுவரிலிருந்து 30 டிகிரி சாய்வில் மேலிருந்து விழுந்தால் கண்ணாடியில் விளக்கு பிரதிபலிக்காது. சுவரைக் காலியாக விடச் சொன்னேன், ஒயரை அப்படி விட முடியாது. எனவே பட்டி பார்ப்பதற்கு முன்பே எலக்ட்ரீஷியனிடம் சொல்லி, ஹாலின் இரண்டு பெரிய சுவர்களுக்கு மேலே தலா ஒரு லைட் பாயின்ட் எடுத்து மூடி போட்டு வைக்கச் சொல்லுங்கள், படம் எப்போது வந்தாலும் சுவரை உடைக்காமல் விளக்கை மாட்டிக்கொள்ளலாம்.