எலியைப் பார்த்ததும் அப்பா நாற்காலியில் ஏறுவதும் பாட்டி அசையாமல் இருப்பதும் ஏன்?

ராத்திரி சமையலறை லைட்டைப் போட்டதும் காஸ் அடுப்புக்குப் பின்னாலிருந்து ஒரு சுண்டெலி விருட்டென்று ஓடுகிறது. அப்பா கத்திக்கொண்டே நாற்காலியில் ஏறுகிறார், அம்மா அரிசி டப்பாவைத் திறந்து புழுக்கை கிடக்கிறதா என்று பார்க்கிறார், நெல் குதிர் இருந்த வீட்டில் எலிகளோடேயே வளர்ந்த பாட்டியோ "எலிதானே, விடு" என்று திரும்பிப் படுக்கிறார்.

திடீரென்று ஏதாவது அசைந்தால் தூக்கிவாரிப் போடுவது எல்லாருக்கும் உண்டு. என்னவென்று நாம் புரிந்துகொள்வதற்குள் மூளையில் இருக்கும் அமிக்டலா என்ற சிறு பகுதி உடம்பை உஷார்ப்படுத்திவிடும். போதாக்குறைக்கு, சுண்டெலி மீசை மயிரால் சுவரைத் தடவிக்கொண்டு ஓரமாகவே ஓடும் பிராணி. நீங்கள் அந்த ஓரத்தில் நின்றால் உங்கள் காலைப் பார்த்துப் பாய்கிற மாதிரிதான் தெரியும், ஆனால் அது தன் பொந்துக்குத்தான் ஓடுகிறது.

அம்மாவுக்கு வந்தது பயம் இல்லை, அருவருப்பு. பயத்தில் நெஞ்சு படபடக்கும், அருவருப்பில் வயிறு குமட்டும், இரண்டும் வேறு வேறு. எலியின் சிறுநீர் மூலம் எலிக்காய்ச்சல் பரவும் என்பதால் இந்த அருவருப்பில் நியாயமும் இருக்கிறது.

சரி, அப்பாவின் பயம் எங்கிருந்து வந்தது? 1920-ல் அமெரிக்காவில் ஜான் வாட்சன், ரோசலி ரேய்னர் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் ஒரு கைக்குழந்தையிடம் வெள்ளை எலியைக் காட்டினார்கள். முதலில் குழந்தை பயப்படவே இல்லை. அப்புறம் அது எலியைத் தொடும்போதெல்லாம் பின்னாலிருந்து இரும்புத் தண்டில் சுத்தியலால் ஓங்கி அடித்தார்கள், சில தடவைகளிலேயே எலியை மட்டும் பார்த்தாலும் அழத் தொடங்கியது, முயலைப் பார்த்தும் அழுதது. ஒரு குழந்தைக்குச் செய்யக் கூடாத கொடுமை அது என்றே நினைக்கிறேன். ஆனால் எலிப் பயம் பிறவியிலேயே இருந்தாக வேண்டியதில்லை, பின்னால் ஒட்டிக்கொள்ளவும் முடியும் என்று அதில் தெரிந்தது.

சுத்தியல்கூடத் தேவையில்லை, வீட்டில் இருப்பவர்களின் முகமே போதும். 1985-ல் வெளியான ஓர் ஆய்வில், கண்ணாடித் தளத்துக்குக் கீழே பள்ளம் தெரிகிற மேடையில் ஒரு வயதுக் குழந்தைகளை விட்டார்கள். எதிர்ப்பக்கம் நின்ற அம்மா சிரித்தபோது பெரும்பாலான குழந்தைகள் தவழ்ந்து வந்துவிட்டன, அம்மா பயந்த முகம் காட்டியபோது ஒன்றுகூடக் கடக்கவில்லை. எலி ஓடும்போது பிள்ளை முதலில் பார்ப்பது எலியை இல்லை, பெரியவர்களின் முகத்தை என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒட்டிய பயத்தைக் கழற்றவும் வழி இருக்கிறது. 1924-ல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர், முயலுக்கும் எலிக்கும் பயந்த சுமார் 3 வயதுப் பையனுக்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்துவிட்டு, அவன் சாப்பிடும்போது கூண்டு முயலைத் தள்ளி வைத்து, அவன் தாங்குகிற அளவுக்கு மட்டும் நாளாக நாளாக நெருக்கிக்கொண்டே வந்தார். பயப்படாத பிள்ளைகளையும் அவனோடு விளையாட விட்டார். கடைசியில் அவன் முயலைத் தொட்டே விளையாடினான். பயப்படுகிறவரின் மூஞ்சிக்கு நேரே செத்த எலியை நீட்டிச் சிரிக்கிறோமே, அது இதற்கு நேர் எதிரான வேலை, ஏற்கெனவே இருக்கிற பயத்தை இன்னும் இறுக்கத்தான் செய்யும்.